எடித் கார்ல்மாரின் பத்துப் படங்கள்



நார்வேயில் ஒரு பெண் இயக்கிய முதல் முழுநீளக் கதைப்படம் 1949-இல் திரைக்கு வந்தது. இயக்கியவர் எடித் கார்ல்மார். படம் ஒரு கொலைக் கதை. அதற்குப் பிறகு 1959 வரை அவர் இன்னும் ஒன்பது படங்கள் எடுத்தார். பத்தே ஆண்டில் பத்துப் படம். அதோடு இயக்கத்தை விட்டுவிட்டார். 1911-இல் பிறந்தவர், 2003 மே 17 அன்று, தம் நாட்டின் தேசிய நாளில், 91ஆம் வயதில் மறைந்தார். வாழ்ந்த காலத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான் இயக்குநர் நாற்காலியில் கழிந்தது.

அந்தப் பத்துப் படங்களையும் அடுத்தடுத்துச் சொன்னால் ஒருவருடைய பட்டியல் என்று நம்புவது கடினம். முதலாவது, காதலும் கொலையும் கலந்த இருண்ட குற்றப்படம். இரண்டாவது, மனநோய் மருத்துவமனைக்குள் போகும் கதை. மூன்றாவது, காணாமல் போன ஒரு மனைவியைத் தேடும் படம். தேடத் தேடப் போதைப் பழக்கத்தின் சுவடு வெளிப்படுகிறது. நான்காவது, கூச்சலும் குழப்பமுமாக ஒரு குடும்பம். ஐந்தாவது, பள்ளி இறுதி வகுப்பு வயதின் காதல். ஆறாவது, ஹெல்கெ க்ரோக்கின் புகழ்பெற்ற நாடகம் ஒன்றைப் படமாக்கியது. ஏழாவது, விமானப் படை. எட்டாவது, பனிமலை விடுதி ஒன்றில் ஆள்மாறாட்டச் சிரிப்பு. ஒன்பதாவது, வேலைக்காகக் கடன் வாங்கிய மனைவி. பத்தாவது, ஊரை விட்டுக் காட்டுக் குடிசைக்கு ஓடிப்போகும் இளம் ஜோடி. இந்தப் பத்தாவது படத்தில்தான், இருபது வயதுப் பெண் ஒருத்திக்கு முதன்முதலாக நாயகி வேடம் கிடைத்தது. அவர் பெயர் லீவ் உல்மன். அவரைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

இப்படிப்பட்டவரை என்ன செய்வது என்று திரைப்பட வரலாற்றுக்குத் தெரியவில்லை. நாம் பழகிய அளவுகோல் 'முத்திரை' என்ற ஒன்று. இயக்குநர் என்றால் அவருக்கென்று ஒரு பார்வை, ஒரு பாணி, ஒரு பிடிவாதம் இருக்கவேண்டும். எந்தப் படத்தின் எந்தச் சுருளை எடுத்து ஓட்டினாலும் இன்னாருடையது என்று சொல்லத் தெரியவேண்டும். இந்த அளவுகோலை வடித்தவர்கள் பாரிஸ் இளைஞர்கள். அவர்களில் ஒருவரான த்ரூஃபோ தம் புகழ்பெற்ற கட்டுரையை எழுதியது 1954-இல். அவருடைய முதல் முழுநீளப் படம் கான் விழாவில் அரங்கேறியது 1959-இல். கார்ல்மார் கடையைக் கட்டிய அதே ஆண்டு! அவர் வேலை செய்துகொண்டிருந்த பத்தாண்டில் அந்த அளவுகோல் இன்னும் ஓஸ்லோவுக்கு வந்துசேரவே இல்லை என்றுதான் சொல்லவேண்டும். வந்தபின், அதை வைத்து அளந்தார்கள். 'தொழில் தெரிந்தவர், ஆனால் கலைஞர் இல்லை' என்று ஓரமாக எழுதி வைத்தார்கள். பெண்களின் வரலாற்றைத் தேடியவர்கள் வந்து 'முதல் பெண்' என்ற பட்டத்தைக் கொடுத்தார்கள். முதல் பெண் என்ற பட்டம் ஒரு விசித்திரமான மரியாதை. அதைக் கொடுத்துவிட்டால் படங்களைப் பார்க்கவேண்டிய அவசியம் போய்விடுகிறது.

படங்களைப் பார்ப்போம் என்பதுதான் இன்றைக்கு என் கட்சி. பத்து வகைக்கும் அடியில் ஒரே கேள்வி ஓடுகிறது என்பது என் வாதம். இல்லறத்துக்கு என்ன செலவாகிறது, அந்தச் செலவை யார் கட்டுகிறார்கள்? கார்ல்மார் இதைக் கொலைக் கதையிலும் கேட்கிறார், கோமாளிக் கதையிலும் கேட்கிறார். விமானப் படைப் படத்தில் மட்டும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். அதை இழுத்துப் பொருத்த நான் முயலப் போவதில்லை.

முதலில் ஆளைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். வசதியில்லாத வீட்டுப் பெண். சிறு வயதிலேயே நடனம் கற்று, பதின்பருவத்தில் மேடை ஏறியவர். பிறகு நாடக நடிகை. நாடகத்தின் வழியே திரைப்படக்காரர்களின் பழக்கம். இயக்குநர் டான்கிரெட் இப்சனிடம் உதவியாளராக வேலை. ஆம், நாடகாசிரியர் இப்சனின் பேரன்தான். படப்பிடிப்பில் காட்சித் தொடர்ச்சியைக் குறித்து வைக்கும் வேலையும் பார்த்தார். இந்த வேலையைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. எந்த ஷாட்டில் கோப்பை எந்தக் கையில் இருந்தது, எந்த ஷாட் எத்தனை முறை எடுக்கப்பட்டது, எவ்வளவு ஃபிலிம் வீணானது என்றெல்லாம் ஏட்டில் ஏற்றுகிறவருக்கு, ஒரு படம் எங்கே பணத்தை விழுங்குகிறது என்பது தயாரிப்பாளரைவிட நன்றாகத் தெரியும். கணவர் ஓட்டோ கார்ல்மார் கதை எழுதுகிறவர். 1949-இல் இருவரும் சேர்ந்து கார்ல்மார் ஃபிலிம் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முதலாளியும் தொழிலாளியும் வீட்டுக்குள்ளேயே.

அன்றைய நார்வேயின் மொத்த மக்கள் தொகை சுமார் 32 லட்சம். நார்வே மொழியில் எடுத்த படத்துக்கு அதுதான் சந்தை, அதற்கு அப்பால் கடல். திரையரங்குகளின் நிலையோ உலகத்தில் வேறெங்கும் எளிதில் காணமுடியாதது. 1913-இல் வந்த சட்டம், திரையரங்கு நடத்த உரிமம் கொடுக்கும் அதிகாரத்தை நகராட்சிகளிடம் ஒப்படைத்தது. உரிமத்தை மற்றவர்களுக்குக் கொடுப்பானேன், நாமே நடத்தலாம் என்று நகராட்சிகள் முடிவு செய்தன. ஆக, பெரிய ஊர்களில் கொட்டகை நகராட்சிச் சொத்து. 1932-இல் நகராட்சிகள் கூடி ஒரு தயாரிப்பு நிறுவனத்தையும் தொடங்கின. இப்படிப்பட்ட நாட்டில் கணவனும் மனைவியுமாக நடத்தும் ஒரு சிறு தனியார் நிறுவனம் பிழைக்கவேண்டுமென்றால், எந்தப் படமும் கவிழக் கூடாது; ஒன்று கவிழ்ந்தாலும் அடுத்தது இல்லை. போன படத்துக்கு வந்த அதே ஜனம்தான் அடுத்த படத்துக்கும் வரவேண்டும். இருக்கிற நான்கு தெருக்காரர்களுக்கே தினமும் சமைக்கும் மெஸ்ஸில் ஒரே குழம்பை வைக்க முடியுமா? கார்ல்மார் வகை மாற்றியதற்குச் சஞ்சல புத்தி காரணமல்ல. அது தொழிலின் விவேகம். அந்த விவேகத்துக்குள்ளேயே தமக்கு வேண்டியதைச் சொல்லிக்கொண்டதுதான் அவர் திறமை.

முதல் படத்துக்கு வருவோம். தலைப்பைத் தமிழில் 'மரணம் ஒரு வருடல்' எனலாம். ஆர்வெ மூன் எழுதிய நாவலிலிருந்து எடுத்தது. எரிக் ஒரு கார் மெக்கானிக். நிச்சயமான பெண் ஒருத்தி இருக்கிறாள். பட்டறைக்குக் காரோடு வருகிறாள் சோன்யா: பணக்காரி, மணமானவள். கிளாவுஸ் வீஸ எரிக்காகவும் பியோர்க் ரீசர்-லார்சன் சோன்யாவாகவும் நடித்தார்கள். எல்லாம் நடந்து முடிந்த பிறகு, சிறையிலிருந்துகொண்டு எரிக் சொல்லும் கதை இது. முடிவு முதலிலேயே தெரிந்துவிடுகிறது.

வெளிவந்த ஆண்டை நினைவில் வையுங்கள். நார்வே ஐந்து ஆண்டு ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்து 1945-இல் விடுபட்ட நாடு. அப்போது அங்கே படம் என்றால் போர்க்காலத் தியாகம்: எதிர்ப்புப் போராளிகள், இங்கிலாந்துக்குத் தப்பும் படகுகள், கனநீர் ஆலையைத் தகர்த்த வீரர்கள். ஜெர்மானியப் படைவீரர்களோடு பழகிய பெண்களைத் தெருவில் நிறுத்தித் தலையை மழித்து அவமானப்படுத்தியது நேற்றைய சம்பவம். பெண்ணின் ஆசை என்பது தேசத் துரோகத்துக்கு அடுத்த வீடு. அந்தச் சூழலில் போரைப் பற்றி ஒரு பேச்சும் எடுக்காமல், தானே ஆணைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மணமான பெண்ணை நடுவில் நிறுத்திப் படம் தொடங்குகிறார் புதிய இயக்குநர் ஒருவர், அதுவும் பெண். படம் சர்ச்சையைக் கிளப்பியதில் வியப்பில்லை.

இதை நார்வேயின் முதல் 'நுவார்' என்று எழுதுகிறார்கள். நிழலும் வெளிச்சமும், பின்னோக்கிச் சொல்லும் குரலும், அபாயமான பெண்ணும், எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஹாலிவுட் கணக்கிலிருந்து ஓர் இடத்தில் கார்ல்மார் விலகுகிறார். பில்லி வைல்டரின் 1944 படத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: காப்பீட்டுப் பணத்துக்காகக் கணவனைக் கொல்கிறார்கள். கள்ளக் காதல், பணம், கொலை என்ற வரிசை. கார்ல்மாரின் படத்தில் பணத்துக்காக யாரும் கொல்லவில்லை. கணவனை ஒழிக்க வேண்டிய தேவையே இல்லை; சோன்யா விவாகரத்து வாங்கிக்கொண்டு எரிக்கைச் சட்டப்படி மணக்கிறாள். சாதாரணக் காதல் படமாக இருந்தால் இங்கே சுபம். கார்ல்மாருக்கு இங்கேதான் கதையே தொடங்குகிறது. அவள் புழங்கும் உலகத்தில் அவன் அந்நியன். அவள் பணத்தில் வாழ்கிறான். அப்படி வாழவேண்டியிருப்பதற்காக அவளை மன்னிக்க முடியவில்லை. அவளுக்கோ அவன் மேல் உள்ள பிடிப்பு தளரவும் இல்லை, அமைதியைத் தரவும் இல்லை. பொறாமை, சண்டை, சமாதானம், மறுபடி சண்டை. கள்ளக் காதல் யாரையும் கொல்லவில்லை. நல்ல முறையில் நடந்த கல்யாணம் கொல்கிறது. ஒரு குற்றப்படத்தின் தோலுக்குள் இவ்வளவு கறாரான இல்லறப் படத்தை அந்தக் காலத்தில் வேறு யார் எடுத்தார்கள் என்று தேடிப் பார்க்கலாம்.

ஒருவரைச் சொல்லத்தான் வேண்டும். அதே 1949-இல் அமெரிக்காவில் ஐடா லுபினோ என்ற நடிகை, கணவரோடு சேர்ந்து சிறு நிறுவனம் நடத்தி, திருமணமாகாத தாயைப் பற்றிய படத்தோடு இயக்கத்துக்கு வந்தார். பிறகு பாலியல் வன்முறை, இருதார மணம் என்று பெரிய நிறுவனங்கள் தொடத் தயங்கியதைத் தொட்டார். இருவருமே நடிகைகள், கணவரோடு கூட்டு நிறுவனம், குறைந்த செலவு, வகைப்படத்தின் மறைப்பில் வேண்டாத விஷயம். ஆனால் லுபினோவைப் பற்றி இன்று புத்தகங்கள் இருக்கின்றன. 32 லட்சம் பேர் பேசும் மொழியில் படமெடுத்ததற்கான வரியை எடித் கார்ல்மார் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

1951-இல் வந்த இரண்டாவது படம் மனச்சோர்வில் விழும் ஒரு கணவனையும் அவன் மனைவியையும் பற்றியது. கணவன் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறான். குடும்பத்தில் ஒருவருக்கு மனநிலை சரியில்லை என்றால் உறவுக்காரர்களுக்குக்கூடத் தெரியாமல் மறைத்த காலம். படம் மருத்துவமனைக் கதவைத் திறந்து உள்ளே போகிறது, சிகிச்சையைக் காட்டுகிறது, வெளியே காத்திருக்கும் மனைவியையும் காட்டுகிறது. பாடம் நடத்தும் தொனி அங்கங்கே தலைகாட்டுகிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நோயாளியைப் பயங்கரமாகவோ பரிதாபமாகவோ காட்டாமல், ஒரு வீட்டின் கணக்கைத் திடீரென்று தலைகீழாக்கிவிட்ட நபராகக் காட்டுவதில் கார்ல்மாரின் கை தெரிகிறது. 1953-இன் மூன்றாவது படத்தில் மனைவியைக் காணவில்லை. கூடவே வாழ்ந்த கணவனுக்கு அவளைப் பற்றி எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பதுதான் அங்கே மர்மம்.

அடுத்து வந்த மூன்றை வேகமாகக் கடக்கிறேன். வென்கெ ஃபோஸ் என்ற பெரிய நடிகைக்காக இவற்றில் சிலவற்றைப் பார்க்கலாம். க்ரோக்கின் நாடகம் மேடை வாசனை போகாமல் இருக்கிறது.

நகைச்சுவைக்கு வரும்போதுதான் விமர்சகர்களோடு எனக்குச் சண்டை. கார்ல்மாரை மீட்டெடுக்க வந்தவர்களும் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் தூக்கிப் பிடித்துவிட்டு, நடுவே உள்ள சிரிப்புப் படங்களை வயிற்றுப் பிழைப்பு என்று தள்ளிவிடுகிறார்கள். 1957-இல் வந்த 'ஃப்யோல்ஸ் டில் ஃப்யெல்ஸ்' ஒரு மலை விடுதிக் கேலிக்கூத்து. நார்வேக்காரர்களுக்கு ஈஸ்டர் விடுமுறை என்றால் பனிச்சறுக்குக் கட்டைகளைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போவது. அந்தப் பழக்கத்தைச் சுற்றிப் பின்னிய கதை. லைஃப் யூஸ்டர் என்ற ஒடிசலான நெட்டை நகைச்சுவை நடிகர் விடுதியின் தலைமைப் பணியாளர் பொப்பெ. விடுதி உரிமையாளரின் மகள் ரூத், ஆண்வேடம் போட்டுக்கொண்டு ருடோல்ஃப் என்ற பெயரில் பணிப்பையனாக வேலைக்குச் சேர்கிறாள். வந்து தங்கும் விருந்தினர்களில் ஒரு திரை நட்சத்திரமும், அச்சாக அவனைப் போலவே இருக்கும் ஓர் ஆந்தை ஆராய்ச்சியாளனும் உண்டு. மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இதில் கவனிக்கவேண்டியது சீருடை. முதலாளி மகள் என்று தெரிந்தால் ஒரு வேலையும் செய்ய விடமாட்டார்கள். பையன் என்று நம்பினால் பெட்டியைத் தூக்கு, மணியடித்தால் ஓடு என்று விரட்டுகிறார்கள். உன்னி பெர்ன்ஹோஃப்ட் அந்தத் தொப்பியையும் இறுக்கமான மேல்சட்டையையும் மாட்டிக்கொண்டு, சாமான்களோடு மாடிப்படி ஏறி இறங்கும்போது, களைப்பும் மகிழ்ச்சியும் ஒரே முகத்தில் இருக்கின்றன. வேலை செய்ய அனுமதி கிடைத்துவிட்ட மகிழ்ச்சி அது. ஆண்களுக்கான நாற்காலியில் எட்டு ஆண்டாக உட்கார்ந்திருந்த ஒருவர் இந்தக் காட்சிகளை எடுத்தார் என்பதை மறந்துவிட்டுப் பார்க்க என்னால் முடியவில்லை. வேகமும் கச்சிதம்: ஒரு கதவு மூடும்போது அடுத்த கதவு திறக்கவேண்டும், அரை நொடி பிசகினால் சிரிப்பு செத்துவிடும். நடனக்காரியின் தாளக் கணக்கு இங்கே பயன்படுகிறது. இந்தப் படத்தை 2020-இல் மறுபடியும் எடுத்தார்கள் என்பதிலிருந்து ஜனங்கள் எதை நினைவில் வைத்திருந்தார்கள் என்பது தெரியும்.

அடுத்த ஆண்டு வந்த படத்தின் பெயரே 'உன் மனைவியைக் கடன் கொடு'. மணமானவன் என்றால்தான் பதவி. ஆகவே ஒருவன் மனைவி இருப்பதாக நடிக்கவேண்டி வருகிறது. வேடிக்கையாகச் சொன்னதால் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. இல்லறம் என்பது ஒரு தகுதிச் சான்றிதழ் என்று இதைவிட வெளிப்படையாக எப்படிச் சொல்வது?

கடைசிப் படம் 'உங் ஃப்ளுக்ட்', 1959. நில்ஸ் யூஹான் ரூட் எழுதிய நாவல். கெர்த் என்ற பெண்ணுக்கு ஊரில் நல்ல பெயர் இல்லை. ஆண்டர்ஸ் மரியாதையான வீட்டுப் பையன். இருவரும் ஊரை விட்டுக் காட்டுக்குள் ஆளில்லாத குடிசைக்குப் போய்விடுகிறார்கள். கோடைக்கால வெளிச்சம், நீர், மரம், பசி. அந்தத் தனிமைக்குள் பெண்டிக் என்ற வயதில் மூத்த நாடோடி ஒருவன் வந்து சேர்கிறான். இருவர் மூவராகிறார்கள்.

கெர்த்தாக லீவ் உல்மன். கார்ல்மாரின் மலை விடுதிப் படத்தில் ஏற்கெனவே ஒரு துக்கடா வேடத்தில் வந்து போனவர். சுவீடன் இயக்குநர் பெர்க்மன் அவரைப் 'பெர்சோனா'வில் உலகத்துக்குக் காட்டுவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பு. நமக்கெல்லாம் தெரிந்தது அந்தப் பிற்கால முகம்: அசையாமல், பேசாமல், கேமராவை நேராகப் பார்க்கும் முகம். கார்ல்மாரின் படத்தில் இருப்பவர் வேறு ஆள். ஓடுகிறார், திட்டுகிறார், சிரிக்கிறார், எரிச்சலூட்டுகிறார், அடுத்த கணம் என்ன செய்வார் என்று அவருக்கே தெரியாதது போல நடமாடுகிறார். ஆடையில்லாமல் ஒரு கணம் வருகிறார். அன்றைக்கு அதுவே பேச்சாயிற்று.

பெர்க்மனின் 1953 படம் ஒன்றிலும் இளம் ஜோடி ஒரு கோடைக்காலம் தீவுகளுக்கு ஓடிப்போகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கவேண்டும். பெர்க்மனின் மோனிகா கடைசியில் குழந்தையையும் கணவனையும் விட்டுப் போய்விடுகிறாள். படத்தின் இரக்கம் கைவிடப்பட்ட ஆணிடம் தங்குகிறது. மோனிகா கேமராவை உற்றுப் பார்க்கும் அந்த ஷாட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். கார்ல்மாரிடம் அப்படி எடுத்துக் காட்டுவதற்கு ஒரு ஷாட் கிடையாது. பதிலாக, கெர்த்துக்கு ஊர் கொடுத்த பெயரைப் படம் ஏற்பதுமில்லை, மறுத்து வாதாடுவதுமில்லை. இவள் நல்லவள்தான் என்று நிரூபிக்கும் ஒரு காட்சிக்காகக் காத்திருந்தால் ஏமாந்து போவீர்கள். பசித்தவள், சலித்தவள், ஆசைப்பட்டவள், பயந்தவள் என்று கணத்துக்குக் கணம் பார்த்துக்கொண்டே போகிறது. எனக்கு பெர்க்மன் படத்தைவிட இது பெரிது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த இரண்டு பெண்களில் யாரைப் பற்றி எனக்கு அதிகம் தெரியும் என்று கேட்டால், கெர்த்தைத்தான்.

அதன் பிறகு அவர் படம் இயக்கவில்லை. சிறு சிறு வேடங்களில் நடித்தார்.  1970-களில் அன்யா பிரெய்ன், விபெக்கே லோக்கெபெர்க், லைலா மிக்கெல்சன் என்று பெண் இயக்குநர்களின் ஒரு வரிசையே வந்தது. அவர்களுக்குப் பெண்ணிய இயக்கம் இருந்தது, அரசு நிதி இருந்தது, திரைப்பட விழாக்கள் இருந்தன. கோபத்தைக் கோபமாகவே காட்ட முடிந்தது. பிரெய்ன் 1975-இல் மூன்று மனைவிமார்கள் வீட்டை விட்டுவிட்டு ஓஸ்லோவைச் சுற்றும் படத்தை எடுத்தபோது, அதற்குப் பணிப்பையன் வேடமோ கடன் மனைவி வேடிக்கையோ தேவைப்படவில்லை. அவர்களைக் கார்ல்மாரின் வாரிசுகள் என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. அவர்கள் கொட்டகைக்காரனைச் சரிக்கட்டப் படமெடுக்கவில்லை. கார்ல்மார் வேறெப்படியும் படமெடுக்கவில்லை. இரண்டும் இரண்டு தொழில்.

எதிலிருந்து தொடங்குவது என்று மாணவர்கள் கேட்பீர்கள். 1949 படத்தையும் 1957 விடுதிப் படத்தையும் ஒரே மாலையில், இந்த வரிசையில், இடையில் தேநீருக்கு மட்டும் நேரம் விட்டுப் பாருங்கள். திரைப்படக் கழகத்தார் இதை ஒரு விண்ணப்பமாகவே எடுத்துக்கொள்ளலாம். 'உங் ஃப்ளுக்ட்' வேறொரு நாளைக்கு. உல்மனுக்காகக் கூட்டம் தானாக வந்துவிடும், விளம்பரம் தேவையில்லை. விமானப் படைப் படத்தை யாராவது பார்த்துவிட்டு அதிலும் என் கேள்வி இருக்கிறது என்று கண்டுபிடித்தால், எனக்கு எழுதுங்கள்.